மலிவான நாய் உணவு குட்டிக்குப் போதுமா?

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறோம். வீட்டில் ஒரு பெரிய நாயும் ஒரு குட்டியும், இரண்டும் ஊர் நாய்கள்தான். இதுவரை சோறும் மீனும் கொடுத்தோம். மீன் விற்கிற விலையில் அது கட்டுப்படியாகவில்லை. கடையில் நிறுத்து விற்கும் மலிவான உலர் உணவுக்கு மாறலாமா?

விலை குறைவு என்பதற்காக உணவு கூடாது என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்காவில் விலங்குத் தீவனத்துக்கு அளவுகோல் வகுக்கும் ஆஃப்கோ (AAFCO) அமைப்பின் கணக்கில், ஈரப்பதத்தைக் கழித்துப் பார்த்தால், வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதமும் குட்டிக்கு 22.5 சதவீதமும் புரதம் வேண்டும். பையில் வாங்கினால் லேபிளைப் பார்க்கலாம். சில்லறையாக வாங்கும்போது எந்த வயதுக்கானது, காலாவதி எப்போது, ஒன்றும் தெரியாது. எங்கள் வெக்கைக்குத் திறந்த மூட்டையில் கொழுப்பு காறிப்போகும் என்ற பயமும் இருக்கிறது.

மலிவான வகையைத் தொடர்ந்து கொடுத்தவர்கள் சொல்லுங்கள், தோலும் முடியும் எப்படி இருந்தன? வயிற்றுப்போக்கு வந்ததா? பாதி உலர் உணவு, பாதி சோறும் மீனும் என்று கலந்தால் குட்டிக்குக் கல்சியம் குறையுமா? அப்புறம், யாழ்ப்பாணத்தில் லேபிளோடு முழுப் பை மலிவாக எங்கே கிடைக்கும்? குட்டிக்கு எலும்பு வளரும் வயது, கொஞ்சம் விரைவாகச் சொன்னால் பெரிய உதவி.