ஆம்பைப் போட்டாலே ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைகிறது, என்ன செய்யலாம்?

விசுவமடுவான்:
வணக்கம். அப்பாவிடம் பழைய கசெற்றுகள் கொஞ்சம் இருக்கின்றன. ஊரவர்கள் ஆடிய கோவலன் கூத்தை முன்வரிசையில் இருந்து பதிந்தவை. அவற்றைக் கேட்பதற்கென்றே பாவித்த ஜப்பான் ஆம்ப் ஒன்றும் கசெற் டெக் ஒன்றும் வாங்கிப் பூட்டினேன். ஸ்பீக்கர் இரண்டும் மண்டபத்தில் பாவித்த பெரிய பெட்டிகள், ஹோர்ன் ட்வீட்டர் (கீச்சுச் சத்தத்துக்கான கூம்பு ஸ்பீக்கர்) வைத்தவை. புளூடூத் போர்ட் ஒன்றும் போன் சார்ஜரில் ஓடுகிறது.

வொலியூம் பூச்சியத்தில் இருந்தாலும் மெல்லிய இரைச்சல் கேட்கிறது. பாதிக்குத் திருப்பினால் கூடுகிறது. புளூடூத்தில் ‘கிர்ர்’ என்று இன்னொரு சத்தமும் சேர்ந்து வருகிறது. கசெற் ஓடும்போது இரைச்சல் இன்னும் மோசம். கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரல் பிடிபடவில்லை என்று அப்பா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு கேட்கிறார். வேறு ஆம்ப் வாங்கட்டுமா?

ஏ9_வயர்மன்:
எர்த் பிழையாக இருக்கும். நல்ல எர்த் கம்பி ஒன்று இறக்குங்கள், ஸ்டெபிலைசரும் போடுங்கள், சரியாகிவிடும்.

மாங்குளம் றேடியோ திருத்துநர்:
தம்பி, ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கோ. வீட்டுக்கு எர்த் கட்டாயம் தேவை, அது உயிர்க் காவல். ஆனால் ‘ஸ்ஸ்ஸ்’ சத்தத்துக்கும் அதற்கும் தொடர்பு மிகக் குறைவு. எர்த்தாலும் பவர் சப்ளையாலும் வருவது ‘ம்ம்ம்’ என்ற உறுமல். நமது கரண்ட் 50 ஹேர்ட்ஸ், ஆகவே உறுமல் 50இலோ 100இலோ கேட்கும்.

யுத்த காலத்தில் வன்னியில் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். டயோடும் சின்னக் கண்டென்சரும் போட்டாலும் உறுமல் முழுதாகப் போகாது. வேகமாகச் சுற்றினால் அது மெலிந்து மேலே ஏறும், கை சோர்ந்தால் தடித்துக் கீழே இறங்கும். ஆனால் ஸ்ரேசனுக்கு ஸ்ரேசன் நடுவே கேட்கும் ‘ஸ்ஸ்ஸ்’ பெடலுக்கு ஏற்ப ஏறி இறங்காது. உறுமல் சப்ளையில் இருந்து வருகிறது, இரைச்சல் சேர்கிட்டுக்குள் பிறக்கிறது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இன்றைக்கும் ஒரு செற்றைத் திறக்க முன்னம் முதலில் அதைத்தான் பிரித்துக் கேட்பேன்.

உங்கள் வொலியூம் குமிழே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டது. பூச்சியத்தில் கேட்பது குமிழுக்குப் பின்னால் உள்ள பவர் பகுதியின் இரைச்சல். எல்லா ஆம்பிலும் அது கொஞ்சம் இருக்கும். உங்கள் ஹோர்ன் சிறு சத்தத்தையும் பெரிதாக்கித் தரும் சாமான், அதனால்தான் வீட்டு அறையில் காதில் விழுகிறது. குமிழோடு சேர்ந்து கூடுவது அதற்கு முன்னால் இருந்து வருவது. அதற்கு இப்படிச் செய்யுங்கள்: கரண்டை நிற்பாட்டி, டெக்கின் வயர்களைக் கழற்றுங்கள். ஆர்சிஏ பிளக் (டெக் வயரின் நுனியில் உள்ள வகை) இரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் துண்டுக் கம்பியால் இணைத்து, அந்த இன்புட்டில் குத்திவிட்டுப் போட்டுப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால் ஆம்பில் பிழையில்லை, வருகிற வழியில்தான் பிழை. இன்புட்டில் மட்டும் இதைச் செய்யுங்கள், ஸ்பீக்கர் முனைகளை ஒருநாளும் இப்படி இணைக்க வேண்டாம், ஆம்ப் எரிந்துவிடும்.

புளூடூத் போர்டைச் சார்ஜரில் இருந்து கழற்றிப் பவர் பாங்கில் ஓட்டுங்கள். ‘கிர்ர்’ போனால் குற்றவாளி சார்ஜர். போனின் வொலியூமை முழுதாக வைத்து ஆம்பைக் குறையுங்கள். பலர் போனைப் பாதியில் வைத்து ஆம்பைத் திருகுகிறார்கள், அப்போது பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து பெருக்கப்படுகிறது.

விசுவமடுவான்:
ஐயா, நீங்கள் சொன்னபடி செய்தேன். பவர் பாங்கில் ‘கிர்ர்’ அறவே இல்லை! பிளக்கைக் குத்தியதும் பாதி வொலியூமிலும் கிட்டத்தட்ட பூச்சியத்தில் கேட்ட அளவுதான். டெக்கைப் பூட்டினால் கொஞ்சம் ஏறுகிறது, கசெற் ஓடினால் நன்றாக ஏறுகிறது. ஹோர்னுக்கு ஏதும் செய்யலாமா?

மாங்குளம் றேடியோ திருத்துநர்:
அப்படியென்றால் ஆம்ப் நல்லது, விற்றுவிடாதீர்கள். சார்ஜரை மாற்றினால் புளூடூத் வேலை முடிந்தது.

ட்வீட்டர் காந்தமும் கொயிலும் உள்ள 8 ஓம் வகை என்றால், பெட்டிக்குள் ட்வீட்டருக்குப் போகும் கண்டென்சருக்குப் பிறகு 3.9 ஓம் ரெசிஸ்ரரைத் தொடராகவும், ட்வீட்டருக்குக் குறுக்கே 8.2 ஓம் ஒன்றையும் போடுங்கள். 10 வாட் சிமெந்து வகை போதும். ஹோர்ன் ஏறக்குறைய 6 டெசிபெல் இறங்கும். மண்டபத்துக் கூர்மை வீட்டுக்குத் தேவையில்லை. காந்தமும் கொயிலும் இல்லாத பியெசோ ட்வீட்டர் என்றால் இந்தக் கணக்குப் பொருந்தாது.

மிச்சம் கசெற்றின் சொந்த இரைச்சல். 3.81 மில்லிமீற்றர் அகல நாடாவில் ஸ்டீரியோவுக்கு நான்கு தடங்கள், ஓடுவதோ செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர். அந்த ஒடுங்கிய தடத்தில் காந்தத் துகள்களே இரையும், எந்த ஆம்ப் போட்டாலும் போகாது. ஆனால் குரலைத் தெளிவாக்கலாம். ஐசோபுரோப்பைல் அல்ககோலில் பஞ்சை நனைத்து, டெக்கில் நாடாவைத் தொட்டு வாசிக்கும் ஹெட்டைத் துடையுங்கள், பஞ்சில் மண்ணிறம் வருவது நிற்கும்வரை. பிறகு ஹெட்டின் ஓரத்தில் உள்ள சின்ன ஸ்குரூவைக் கசெற் ஓடும்போதே மெதுவாக, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, சல்லாரித் தாளத்தின் சத்தம் மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் விடுங்கள். டெக்கில் இரைச்சலைக் குறைக்கவென்று உள்ள டோல்பி பொத்தானை அழுத்த வேண்டாம். டோல்பி இல்லாமல் பதிந்த கசெற்றில் அது இரைச்சலோடு அண்ணாவியாரின் குரலையும் மழுக்கிவிடும்.

முல்லைத்தீவுக் கரை:
கசெற்றைக் கணினிக்கு ஏற்றும்போது இரைச்சலோடேயே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. சுத்தம் செய்வதை இன்னொரு பிரதியில் செய்யலாம். முல்லைத்தீவுக் கோவலன் கூத்து என்றால் எங்கள் வீட்டிலும் கேட்க ஆள் இருக்கிறது, ஏற்றியதும் சொல்லுங்கள்.