டெய்லர் ஸ்டூலுக்குச் சாய்மானம் வேண்டுமா?

பொம்மனஹள்ளி தையல்காரி: “ஸ்டூலுக்குச் சாய்மானம் வைத்தால் டெய்லர்களுக்கு உறக்கம் வரும், தைக்கும் பீஸ் குறையும்” என்று நேற்று இங்கே, பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வரிசையை மேற்பார்க்கும் லைன் இன்சார்ஜ் அண்ணன் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. நாள் முழுக்கக் குனிந்து பெடல் மிதிப்பவள் முதுகு வைக்க இடம் கேட்டால், அவளுக்குச் சோம்பேறிப் பட்டமா?

லைன் இன்சார்ஜ்: ஃப்ளோரிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன். தைக்கும்போது உடல் முன்னால்தான் சாயும். பின்னால் இருப்பதில் யார் முதுகும் படாது. துணிப் பண்டல் கொண்டுபோகிற வழிதான் அடைபடும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டம் 44-ஆம் பிரிவைப் படியுங்கள். நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்றது. அதில் சாய்மானம் எங்கே இருந்தது?

பொம்மனஹள்ளி தையல்காரி: நேற்று உறக்கம் வரும் என்றீர்கள், இன்று முதுகே படாது என்கிறீர்கள். முதுகு படாமல் எப்படி அண்ணா உறங்குவது? நாங்கள் ஏன் குனிகிறோம் என்று என்றைக்காவது பார்த்தீர்களா? குட்டையானவளுக்கும் நெட்டையானவளுக்கும் ஒரே உயரத்தில் ஸ்டூல், ஒரே உயரத்தில் மேசை. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது ஊசிமுனை தெரியாது. கழுத்தை நீட்டித்தான் பார்க்க வேண்டும். உயரத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யுங்கள், முதுகு தானாகச் சாய்மானத்தில் படும்.

அல்சூர்வாசி: சாய்மானத்திலேயே நிற்கிறீர்களே! கழிப்பறைக்குப் போனால் டார்கெட் போய்விடும் என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் பெண்கள். 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று அதே சட்டத்தின் 48-ஆம் பிரிவு சொன்னது. அதைப் பேசுங்கள்.

பொம்மனஹள்ளி தையல்காரி: பேசுவோம் ஐயா, அதுவும் எங்கள் பாடுதான். முதலில் அண்ணன் சாய்மானத்துக்குப் பதில் சொல்லட்டும்.

லைன் இன்சார்ஜ்: யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறீர்கள். 2016-இல் ஓசூர் சாலையை மறித்தவர்களும் இப்படித் தூண்டிவிடப்பட்டவர்கள்தான்.

பொம்மனஹள்ளி தையல்காரி: வாயை அளந்து பேசுங்கள். பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிப் பணத்தில் முதலாளி போட்ட பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்றார்கள். எந்தச் சங்கமும் கூப்பிடாமல் அந்த ஏப்ரலில் ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். மறுநாளே மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. எங்களைத் தூண்டியது எங்கள் பணம்.

பீன்யாக்காரன்: பஸ்ஸுக்குக் கல் எறிந்ததையும் சேர்த்து எழுதுங்கள். பிழைக்க வந்த ஊரில் அடக்கம் வேண்டும்.

பொம்மனஹள்ளி தையல்காரி: பிழைக்க வந்த ஊரா? நான் பிறந்ததே இங்கேதான். தடியடி பட்டவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுத உங்களுக்குக் கை வரவில்லையே!

லைன் இன்சார்ஜ்: பேச்சை மாற்றாதீர்கள். சாய்மானம் வைத்தும் பீஸ் குறையாத ஒரு லைனைக் காட்டுங்கள்.

பொம்மனஹள்ளி தையல்காரி: வைத்துப் பார்க்காமலே குறையும் என்றவர் நீங்கள். நீங்கள்தான் காட்ட வேண்டும். உங்கள் நாற்காலிக்குச் சாய்மானம் உண்டா, இல்லையா?

லைன் இன்சார்ஜ்: நான் தைப்பதில்லை. என் நாற்காலிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பொம்மனஹள்ளி தையல்காரி: உண்டா, இல்லையா?