லோகா சந்திரா பேயா, சூப்பர்ஹீரோவா?

கே.ஆர்.புரம் ராஜி:
நேற்று இன்னொரு இழையில் அல்சூர் அண்ணாச்சி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "லோகா ஒரு பேய்ப்படம். ரத்தம் குடிக்கிற யட்சியைப் போய் சூப்பர்ஹீரோ என்று கொண்டாடுகிறார்களே, பொம்பளைப் பிள்ளைகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?" இது அவர் எழுதியது. அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள். அதனால் இங்கே பதில் சொல்கிறேன்.

2025 ஆகஸ்ட் 28 அன்று இந்த மலையாளப் படம் வந்தது. மூன்று தடவை பார்த்தேன். கதை நடப்பது நம் பெங்களூரில். கதாநாயகி சந்திரா ராத்திரி ஷிப்டில் ஒரு காபி கடையில் வேலை பார்க்கிறாள். நானும் எட்டு வருடம் நைட் ஷிப்ட் பார்த்தவள். அதிகாலை இரண்டு மணிக்குக் கம்பெனி வண்டி டின் ஃபேக்டரி முனையில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து வீடு வரைக்கும் சாவிக்கொத்தை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். அதே ஊரில், அதே ராத்திரியில் ஒருத்தி பயமில்லாமல் நடக்கிறாள், அவளைப் பார்த்து ரவுடிகள் பயப்படுகிறார்கள். அதைப் பார்த்து நான் கைதட்டினால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

அல்சூர் அண்ணாச்சி:
உங்கள் நைட் ஷிப்ட் கஷ்டம் எனக்குப் புரிகிறது, தங்கச்சி. என் கேள்வி வேறு. அவள் ரத்தம் குடிக்கிறாளா இல்லையா? குடிக்கிறாள். ரத்தம் குடிப்பது பேய். எங்கள் ஆத்தா சொன்ன கதையிலும் அது பேய்தான். பேய்க்கு ரசிகர் மன்றம் வைத்த ஊர் பெங்களூர் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஸ்ரீராமபுரம் சிட்டு:
அண்ணாச்சி, பிளேடு பார்த்ததில்லையா? 1998-இல் வெஸ்லி ஸ்னைப்ஸ் நடித்தது. பாதி ரத்தக்காட்டேரி. அவனை மட்டும் சூப்பர்ஹீரோ என்று உலகமே ஒத்துக்கொண்டது.

அல்சூர் அண்ணாச்சி:
தம்பி, படத்தை ஒழுங்காகப் பார். பிளேடு ரத்தம் குடிக்கக் கூடாது என்பதற்காகவே ஊசி மருந்து போட்டுக்கொள்கிறான். அவன் குடிக்காதவன். இவள் குடிக்கிறவள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

கே.ஆர்.புரம் ராஜி:
அண்ணாச்சி கடைசி அரை மணி நேரம் தூங்கிவிட்டார் போலிருக்கிறது. பிளேடு சாகக் கிடக்கும்போது கூட இருக்கும் டாக்டர் பெண் தன் ரத்தத்தைக் கொடுக்கிறாள். அதைக் குடித்துத்தான் எழுந்து சண்டை போடுகிறான். ஆம்பளை குடித்தால் வீரம், பொம்பளை குடித்தால் பேய். அப்படித்தானே?

அல்சூர் அண்ணாச்சி:
அது ஆபத்துக்கு மருந்து. இவளுக்கு அது சாப்பாடு. நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பழைய ரீல்:
இரண்டு பேரும் ரத்தத்தை விட்டுவிட்டு வரலாற்றுக்கு வாருங்கள். "இந்தியாவின் முதல் பெண் சூப்பர்ஹீரோ" என்று இந்தப் படத்தைச் சொல்வதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 1935-இல் பம்பாயில் வாடியா மூவிடோன் எடுத்த ஹண்டர்வாலி படத்தில் நடிகை நாடியா முகமூடி போட்டுக்கொண்டு, சாட்டை வீசி, குதிரையில் வந்து ஏழைகளுக்காக அடித்தார். தொண்ணூறு வருடம் ஆயிற்று. டூப் போடாமல் ஓடும் ரயில் மேல் சண்டை போட்டவர் அவர்.

ஸ்ரீராமபுரம் சிட்டு:
நாடியா ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அப்புறம், அவருக்கு என்ன சக்தி இருந்தது? சாட்டைதானே.

பழைய ரீல்:
பேட்மேனுக்கு என்ன சக்தி இருக்கிறது? பணம்தானே.

அல்சூர் அண்ணாச்சி:
நாடியாவை நான் மதிக்கிறேன். ரத்தம் குடிக்கவில்லை.

கள்ளியங்காட்டான்:
இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தேன். படத்தில் சந்திரா யார்? நாட்டுக்கதையில் வரும் யட்சி, கள்ளியங்காட்டு நீலி. கள்ளியங்காடு எங்கே இருக்கிறது? எங்கள் நாகர்கோவில் பக்கம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம் என்பதால் கதை மலையாளமாகிவிடாது. எங்கள் பக்கம் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டாகப் பாடுகிற கதை அது. எங்கள் நீலியை எடுத்துப் படம் பண்ணி 300 கோடி தாண்டினார்கள். மலையாளத்தில் அந்தத் தொகையைத் தொட்ட முதல் படம். நாம் இங்கே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

மடிவாளா மகேஷ்:
நாகர்கோவில்காரர் கொஞ்சம் வடக்கேயும் பார்க்கட்டும். நீலி என்றாலே பழையனூர் நீலிதான். திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு செட்டியைக் காட்டி அவன்தான் என் புருஷன் என்று சபையில் அழுது, அவன் உயிருக்கு வாக்குக் கொடுத்த வேளாளர் எழுபது பேரையும் தீயில் இறங்க வைத்தவள். நீலிக்கண்ணீர் என்ற சொல்லே அவளிடமிருந்து வந்ததுதான்.

கள்ளியங்காட்டான்:
திருத்தணிப் பக்கத்துக்காரர்கள் எல்லாவற்றுக்கும் எழுபது பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். போன வருடம் பொங்கல் விழா இழையிலும் நீங்கள் இதைத்தான் செய்தீர்கள், நான் மறக்கவில்லை.

அல்சூர் அண்ணாச்சி:
பார்த்தீர்களா? எழுபது பேரைக் கொன்றவள் என்று இவரே சொல்கிறார். பேய் என்று நான் சொன்னது சரி.

கே.ஆர்.புரம் ராஜி:
சரியில்லை, அண்ணாச்சி. பழையனூர் கதையிலேயே முன்பிறவியில் அவளைப் புருஷன்தான் கொல்கிறான். அதை மட்டும் எல்லாரும் வசதியாக விட்டுவிடுகிறீர்கள். கொலை செய்தவன் மறுபிறவியில் செட்டி, கொலையுண்டவள் பேய். நம் ஐஞ்சிறுகாப்பியத்தில் நீலகேசி இருக்கிறதே, அதில் இதே பழையனூர் நீலி சமண முனிவரிடம் தோற்று, கொல்லாமையை ஏற்றுக்கொண்டு, ஊர் ஊராகப் போய் பௌத்தரோடும் ஆசீவகரோடும் வேதவாதிகளோடும் வாதம் செய்து ஜெயிக்கிறாள். பேயாக இருந்தவளை அறம் பேசுகிறவளாக மாற்றிய துணிச்சல் தமிழுக்கு எப்போதோ இருந்தது.

லோகாவும் அந்த வேலையைத்தான் செய்கிறது. கோயிலுக்குள் போனாள் என்பதற்காக அரசனின் ஆட்கள் சின்னப் பெண்ணாக இருந்த நீலியின் குடியையே அழிக்கிறார்கள். அதற்கப்புறம்தான் அவள் கையில் ரத்தம். நாட்டுக்கதையில் கத்தனார் என்கிற மந்திரவாதிப் பாதிரியார் யட்சியை அடக்கிப்போடுகிறார். இந்தப் படத்தில் அவளை நல்ல காரியத்துக்குப் போகச் சொல்கிறார். அந்த ஒரு மாற்றத்துக்காகவே நான் மூன்று தடவை டிக்கெட் எடுத்தேன். இயக்குநர் டொமினிக் அருணோடு சேர்ந்து கதையில் வேலை செய்தவர் சாந்தி பாலசந்திரன் என்கிற பெண். அது படத்தில் தெரிகிறது.

பழைய ரீல்:
முதல் என்று சொல்லாதீர்கள் என்றுதான் நான் சொன்னேன். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. 1935.

மடிவாளா மகேஷ்:
ராஜி மேடம் இவ்வளவு பேசுகிறீர்கள், அதே படத்தில் பெங்களூர்ப் பெண்களை மட்டமாகப் பேசும் வசனம் வந்ததே? கன்னடக்காரர்கள் கொந்தளித்து, தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த வசனத்தில் கை வைப்பதாகச் சொன்னார்களே? நீங்களும் பெங்களூர்ப் பெண்தானே, அப்போது எங்கே போனீர்கள்?

கே.ஆர்.புரம் ராஜி:
எங்கேயும் போகவில்லை. அதைப் பேசுவது வில்லன் போலீஸ்காரன். நம் சாண்டி மாஸ்டர் நடித்த பாத்திரம். பெண்களைக் கேவலமாக நினைக்கிறவன் சந்திரா கையில் என்ன ஆகிறான் என்பதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். மன்னிப்புக் கேட்டது நல்லதுதான், கேட்கட்டும். ஆனால் அந்த ஒரு வசனத்துக்குக் கோபப்பட்ட ஆண்களில் எத்தனை பேர் டின் ஃபேக்டரி முனையில் தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு புகார் எழுதியிருப்பார்கள்? நான் நாலு தடவை எழுதினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சந்திராவாக நடித்த கல்யாணி பிரியதர்ஷன் தமிழுக்கு வந்த முதல் படம் 2019-இல் வந்த ஹீரோ. அதுவும் சூப்பர்ஹீரோ படம். முகமூடி யாருக்கு? சிவகார்த்திகேயனுக்கு. ஆறு வருடம் கழித்து அதே பெண்ணை நடுவில் நிறுத்தி மலையாளத்துக்காரர்கள் படம் எடுத்துவிட்டார்கள். நீலகேசி நம்மிடம், வில்லுப்பாட்டு நம்மிடம், நடிகையும் நம்மிடம் வந்து போனவர். எடுக்கத் தோன்றவில்லை. எனக்கு அதில்தான் வயிற்றெரிச்சல்.

கள்ளியங்காட்டான்:
வில்லுப்பாட்டு எங்களிடம். "நம்மிடம்" இல்லை.

ஸ்ரீராமபுரம் சிட்டு:
அக்கா சொன்னதில் சிவகார்த்திகேயனை ஏன் இழுத்தார் என்று தெரியவில்லை. மாவீரன் பார்த்தீர்களா?

அல்சூர் அண்ணாச்சி:
பெண் சூப்பர்ஹீரோ வேண்டுமென்றால் 2017-இல் வந்த வொண்டர் வுமன் இருக்கிறாள். போர்க்களத்தில் பதுங்குகுழியை விட்டு ஏறி, குண்டு மழையில் கேடயத்தோடு நடந்து வருவாள். கண்ணில் தண்ணீர் வந்தது எனக்கு. அவள் ரத்தம் குடித்தாளா?

கே.ஆர்.புரம் ராஜி:
எனக்கும்தான் வந்தது. ஆனால் அவள் இளவரசி, அண்ணாச்சி. ராணி வயிற்றில் பிறந்து, தீவு முழுக்கப் பெண் படையிடம் பயிற்சி எடுத்தவள். எங்களுக்கு அப்படி ஒரு தீவு கிடையாது. அடிபட்டு, ஓடி, குகையில் ஒளிந்தவள்தான் எங்களுக்குக் கிட்டத்தில் இருக்கிறாள்.

அல்சூர் அண்ணாச்சி:
கேட்டது ஒன்று, பதில் ஒன்று. குடித்தாளா, இல்லையா?

கே.ஆர்.புரம் ராஜி:
சந்திரா குடித்தாள். பத்தாவது படிக்கும் என் மகள் சுவரில் அவள் படத்தைத்தான் ஒட்டியிருக்கிறாள். நான் கிழிக்கச் சொல்லப் போவதில்லை.

அல்சூர் அண்ணாச்சி:
ஆக, குடித்தாள். அதைத்தான் நேற்றிலிருந்து சொல்கிறேன்.

மடிவாளா மகேஷ்:
பழையனூர் விஷயத்துக்கு நாகர்கோவில்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.