பத்தாவாலி எலிக்குக் கேட்டது, அம்மாவுக்குக் கேட்குமா?

பட்டர்வொர்த் அக்கா:
அம்மாவுக்கு 11 வருஷமாக இனிப்பு நீர் நோய். வேலியில் படர்ந்த பத்தாவாலிக் கொடியை விரல் நீளம் நறுக்கிக் கொதிக்கவைத்து, பசியாறுவதற்கு முன்னால் குடிக்கிறார். கிளினிக்கில் சொன்னால் திட்டுதான் விழுகிறது. இந்தக் கொடிச்சாற்றைக் குடித்த எலிகளுக்குச் சர்க்கரை குறைந்தது என்று 1989-லேயே ஆய்வு வந்துவிட்டதே! இன்னும் எத்தனை எலிகளைக் கொல்லப் போகிறீர்கள்?

ஆய்வுக்கூடத்து ஆள், பினாங்கு:
அக்கா, எலிக்கு வந்ததும் அம்மாவுக்கு வந்ததும் ஒன்றில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அலோக்சான் என்ற ரசாயனத்தை ஊசியாகப் போட்டு அழிக்கிறோம். சாகிற செல்கள் இருக்கிற இன்சுலினை மொத்தமாகக் கொட்டிவிடும், ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கும். அன்று இரவு சர்க்கரைத் தண்ணீர் வைக்காவிட்டால் விடிவதற்குள் எலி செத்துக் கிடக்கும். அப்புறம் மூத்திரம் பெருகிக் கூண்டெல்லாம் நனையும். தினமும் மரத்தூள் மாற்றுவேன், எனக்கும் மனசு கேட்காது. ஆனால் வயதில் வரும் இனிப்பு நீரில் இன்சுலின் இருக்கும், உடம்புதான் அதற்கு மசியாது.

மனிதர்களிடமும் சோதித்தார்கள். தாய்லாந்து, 2004. நாளைக்கு 3 கிராம் பத்தாவாலிப் பொடி, 6 மாதம். மருந்தில்லாத கேப்சூல் விழுங்கியவர்களோடு ஒப்பிட்டால் சர்க்கரையில் பெரிய வித்தியாசமே இல்லை. பொடி சாப்பிட்டவர்களில் இரண்டு பேருக்குக் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் எகிறிவிட்டன.

செந்தூல் மூலிகைக்காரர்:
எலிக்குக் கொடுத்தது தண்ணீரில் இறக்கிய சாறு, அங்கே கொடுத்தது காய்ந்த பொடி. இரண்டும் ஒன்றா தம்பி? நீங்கள் தரும் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினின் கதையே கலேகா என்ற செடியில்தான் தொடங்கியது. பத்தாவாலி நம் சீந்தில் கொடியின் சொந்தம் என்றால் மட்டும் இளக்காரம்!

ஆய்வுக்கூடத்து ஆள், பினாங்கு:
பொடி வேறு, சாறு வேறு, ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் கலேகாவைக் கஷாயம் வைத்துக் கொடுத்ததோடு யாரும் நிறுத்திவிடவில்லை. அதிலிருந்த பொருள் நஞ்சு என்று தெரிந்து, அதை ஒட்டி வேறொன்றைச் செய்து, 1957-ல் மனிதர்களிடம் சோதித்த பிறகுதான் மெட்ஃபார்மின் வந்தது. பத்தாவாலிச் சாற்றுக்கும் அந்தச் சோதனையைக் கேளுங்கள், நானும் கூட நிற்பேன். எலியோடு நிறுத்திவிட்டு அம்மாவுக்கு ஊற்றாதீர்கள்.

செந்தூல் மூலிகைக்காரர்:
வேலியில் கிடக்கிற கொடிக்கு யார் பணம் போடுவார்கள்? காப்புரிமை கிடைக்காத சரக்கை எந்தக் கம்பெனியும் தொடாது. அதனால்தான் எல்லாம் எலியோடு நின்றுபோகிறது.

பட்டர்வொர்த் அக்கா:
கல்லீரல் விஷயம் எனக்குத் தெரியாது. அம்மா மாத்திரையும் போடுகிறார், கஷாயமும் குடிக்கிறார். திங்கட்கிழமை ரத்தம் எடுக்கும்போது கல்லீரலையும் பார்க்கச் சொல்கிறேன். அதுவரை கஷாயம் வேண்டாம் என்றேன். அம்மா என்னோடு பேசவில்லை.