மறு: படத்துக்குள் பழைய படம் – ‘சாடை’ என்று சொன்னால் என்ன?

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு ஓவியம் பழைய படத்தையோ புராணத்தையோ வேண்டுமென்றே நினைவூட்டினால் அதைத் தமிழில் என்னவென்று சொல்வது என்ற கேள்விக்கு ‘மேற்கோள்’, ‘உள்ளுறை’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. ‘மேற்கோள்’ வேண்டாம் என்பது என் கட்சி. இன்னார் சொன்னது என்று பெயரிட்டு, சொன்னதை மாற்றாமல் எடுத்துக்காட்டுவதுதான் மேற்கோள். ஓவியர்கள் எங்கே அப்படிச் செய்கிறார்கள்? இத்தாலிய ஓவியர் டிஷியன் 1538இல் வரைந்த ‘உர்பினோவின் வீனஸ்’ படுத்திருக்கும் அதே விதத்தை பிரெஞ்சு ஓவியர் மானே 1863இல் ‘ஒலிம்பியா’வுக்கு எடுத்துக்கொண்டார், ஆனால் காதல் தெய்வம் இருந்த இடத்தில் பாரிஸ் விலைமகள், காலடியில் சுருண்டு தூங்கிய நாய்க்குப் பதில் முதுகை வளைத்து நிற்கும் கறுப்புப் பூனை. 1865இல் காட்சிக்கு வைத்தபோது பெரிய ரகளையே ஆனது. இதைப் போய் மேற்கோள் என்றால் மானே சிரிப்பார்.

‘உள்ளுறை’, அதாவது சங்கப் பாட்டில் வெளியே ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்றை உணர்த்துவது, அழகான சொல்தான். ஆனால் தொல்காப்பியர் “உள்ளுறை தெய்வம் ஒழிந்ததை நிலனெனக் கொள்ளும்” என்று முதலிலேயே தெய்வத்தைக் கழித்துவிடுகிறார். நாம் பேசுவதில் பாதி புராணம், அப்புறம் எப்படிப் பொருந்தும்?

நேற்று கோத்தகிரிச் சந்தையில் காரட் வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி என் மகளைப் பார்த்து “அப்படியே அத்தை சாடை” என்றார். அங்கேயே பிடித்துக்கொண்டேன். முக ஒற்றுமையும் சாடை, வாய்விட்டுச் சொல்லாமல் உணர்த்துவதும் சாடை. சாடைமாடையாகக் குத்திக்காட்டுவதும் உண்டு, மானே மூன்றையும் ஒரே படத்தில் செய்திருக்கிறார்! பழைய படத்தை நினைவூட்டினால் முன்படச் சாடை, புராணத்தை நினைவூட்டினால் தொன்மச் சாடை. ஒரு மாம்பழமும் கோவணமும் வரைந்தால் போதும், மயில்கூட வேண்டாம், நம் ஆட்களுக்குப் பழனி தெரிந்துவிடும்.

எல்லை ஒன்று வேண்டும். இங்கே நீலகிரியின் பழங்குடிகளான குறும்பர் வரையும் ஓவியங்களில் வரும் மனித உருவங்கள், வேங்கை மரப் பிசினின் நிறத்தோடு, வெள்ளரிக்கொம்பை என்ற ஊர்ப் பக்கத்துப் பழைய பாறை ஓவியங்களை நினைவூட்டும். அதைச் சாடை என்று நான் சொல்லமாட்டேன். தாத்தா வரைந்த கையோடு பேரன் வரைகிறான், அது மரபு. பழையதைப் பார்ப்பவர் நினைக்கவேண்டும், நினைத்துவிட்டு இதில் என்ன மாறியிருக்கிறது என்று தேடவேண்டும் என ஓவியரே எண்ணி வைத்தால்தான் சாடை.

வினைச்சொல்தான் இடிக்கிறது. ‘சாடை காட்டுதல்’ என்றால் கண்ணடிப்பது போல ஆகிவிடுகிறதே, ‘சாடை வைத்தல்’ ஒத்துவருமா?