மின்மாற்றிக்குள் ‘ஹாட் ஸ்பாட்’: வெம்மிடம் எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

ஆய்வகக் கருவிகளின் பராமரிப்புக் கையேட்டுக்காக நம் குழு தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில், மின்மாற்றியின் (டிரான்ஸ்ஃபார்மர்) சூட்டைக் கண்காணிப்பது தொடர்பான சொற்களும் உண்டு. அவற்றில் ‘ஹாட் ஸ்பாட்’டுக்கு, அதாவது மின்மாற்றிக்குள் மிக அதிகமாகச் சூடேறும் இடத்துக்கு, இதுவரை வெப்பப்புள்ளி, சூட்டுமுனை, உச்சவெப்பிடம் என்று மூன்று வந்திருக்கின்றன. மூன்றிலுமே எனக்குத் தயக்கம் இருக்கிறது. கருவியைத் திறந்து பார்க்க வாய்ப்பில்லாத நண்பர்களும் இந்தக் குழுவில் இருப்பதால், அது எந்த இடம், அங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிராஃபைட் உலை வைத்த அணு உட்கவர் நிறமாலைமானியை எடுத்துக்கொள்வோம். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500. அவ்வளவு சிறிய அளவைப் பிடிக்கிற கருவி இது. ஒரு துளி நீரைச் சின்ன கிராஃபைட் குழாய்க்குள் விட்டு, நூற்றுச் சொச்சம் டிகிரியில் உலர்த்தி, படிப்படியாக ஏற்றி, கடைசியில் சில நொடிகள் 2000 டிகிரி செல்சியஸ் வரையிலோ அதற்கு மேலோ கொண்டுபோகும். அதற்கான மின்னோட்டத்தைத் தருவது உள்ளே இருக்கும் மின்மாற்றிதான்: 230 வோல்ட்டை வாங்கிச் சில வோல்ட்டாக இறக்கி, நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் குழாய் வழியே செலுத்தும். ஒருமுறை சுட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மாதிரிகளை வரிசையாக அடுக்கி இரவெல்லாம் ஓடவிட்டால், ஒரு சுடுதலில் ஏறிய சூடு முழுதாக இறங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும், அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் பாதுகாப்பு இயங்கிக் கருவி நின்றுவிடும். காலையில் வந்து தொட்டுப் பார்த்தால் மின்மாற்றி ஆறிப்போய், ஒரு குறையும் இல்லாதது போல இருக்கும்.

சிக்கல் என்னவென்றால் ‘மின்மாற்றியின் வெப்பநிலை’ என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வேறு வேறு எண்கள் இருக்கின்றன. வெளிப்பரப்பில் ஒட்டிய உணரி (சென்சார்) காட்டுவது ஒன்று. சுருணையின் (உள்ளே சுற்றியிருக்கும் தாமிரக் கம்பி, அதாவது வைண்டிங்) மின்தடையை அளந்து கணக்கிடுவது இன்னொன்று: தாமிரம் சூடாகச் சூடாக மின்தடை கூடும் என்பதால், 25 டிகிரியில் 2.00 ஓம் இருந்த முதன்மைச் சுருணை நாலு மணிநேரம் ஓடியபின் 2.50 ஓம் காட்டினால், 1.25-ஐ 259.5-ஆல் பெருக்கி 234.5-ஐக் கழிக்கிறோம் (234.5 தாமிரத்துக்கான மாறிலி, அதோடு 25 சேர்ந்தது 259.5), கிட்டத்தட்ட 90 டிகிரி வருகிறது. இது முழுச் சுருணைக்குமான சராசரி. மூன்றாவது, இரும்பு உள்ளகத்தை ஒட்டிய உள்ளடுக்குகளில், வெளியே போக வழியில்லாமல் சூடு தேங்கும் பகுதி. அங்கே சராசரியைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாக இருக்கலாம். கம்பிச் சுற்றுகளுக்கு இடையே மின்சாரம் தாவாமல் தடுக்கும் காப்புத்தாளும் வார்னிஷும் முதலில் கருகுவது அங்கேதான். பத்து டிகிரி கூடினால் காப்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்று பொறியாளர்கள் சொல்லும் கணக்கும், காப்புப் பொருள்களை அவை தாங்கும் சூட்டை வைத்துப் பிரித்ததில் பி வகுப்புக்கு 130, எஃப் வகுப்புக்கு 155, எச் வகுப்புக்கு 180 டிகிரி என்ற வரம்புகளும் இந்த இடத்தை மனத்தில் வைத்துத்தான். பெரும்பாலான கருவிகளில் அங்கே நேரடியாக உணரி வைக்கவும் முடிவதில்லை, மற்ற இரண்டு எண்களிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. கையேட்டில் மூன்றையும் ஒரே சொல்லால் எழுதினால், பரப்பில் 85 டிகிரி பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று ஒருவர் மூடிவிட்டுப் போய்விடுவார்.

சரி, சொற்களுக்கு வருகிறேன். வெப்பப்புள்ளி என்றால் பனிப்புள்ளி போல ஏதோ ஒரு வெப்பநிலை மதிப்பு என்று படிக்க இடம் இருக்கிறது, நமக்கு வேண்டியதோ ஓர் இடத்தின் பெயர். சூட்டுமுனையை நான் உறுதியாக எதிர்க்கிறேன். மின்முனை, நேர்முனை என்று பழகியவர்களுக்கு அது கம்பி இணையும் முனைதான். மின்மாற்றியில் திருகு தளர்ந்தால் அந்த முனையும் உண்மையாகவே சூடாகும், ஆக இரண்டு வேறு பழுதுகளுக்கு ஒரே பெயர் வந்துவிடும். உச்சவெப்பிடம் பொருளில் சரியாக இருக்கிறது, ஆனால் அனுமதிக்கப்பட்ட உச்ச வெப்பநிலை என்ற தொடரும் அதே பக்கத்தில் பத்து இடத்தில் வரும்போது கண் இடறும்.

என் முன்மொழிவு: வெம்மிடம். வெம்மை, இடம் இரண்டும் சேரும்போது மை போய், மகரம் இரட்டித்து வருவது. வெந்நீரும் வெம்மையிலிருந்து வந்ததுதான், அதனால் காதுக்குப் புதிதாகத் தோன்றாது. ‘சுருணையின் வெம்மிடம்’, ‘வெம்மிட வெப்பநிலை 130-ஐத் தாண்டக் கூடாது’ என்று தொடரில் வைத்துப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. கொடிய நஞ்சைக் குறிக்கும் வெவ்விடத்தோடு குழம்பாதா என்று இலக்கணம் தெரிந்த நண்பர்கள் கேட்கலாம். அது செய்யுளோடு நின்றுபோன சொல், பராமரிப்புக் கையேட்டில் எதிர்ப்பட வாய்ப்பில்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது ‘வெப்பக் காப்பு’. நம் பட்டியலில் மிகைச்சூட்டிலிருந்து கருவியைக் காக்கும் பகுதிக்கு இந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். காப்பு என்பது இன்சுலேஷனுக்கு நாம் அன்றாடம் புழங்கும் சொல். ‘வெப்பக் காப்பு பழுது, மாற்றவும்’ என்று எழுதினால் காயில் கட்டுபவர் தாளையும் நாடாவையும் பிரித்துப் புதிதாகச் சுற்றித் தந்துவிடுவார், அறுந்துபோன தெர்மல் ஃபியூஸ் அப்படியே இருக்கும், அல்லது அதையே விட்டுவிட்டுக் கம்பியை நேராக இணைத்துவிடுவார். அப்புறம் அடுத்த முறை சூடு ஏறும்போது தடுக்க ஒன்றும் இருக்காது. மின்மாற்றியோடு சேர்த்துப் பேசும்போது காப்பு என்பதை மின்காப்புக்கு மட்டும் ஒதுக்கிவிடுவோம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

காக்கும் உறுப்புகளுக்கு அவற்றின் வேலையைச் சொல்லும் பெயரே போதும். ஒருமுறை உருகினால் மாற்றியே ஆகவேண்டியதற்கு வெப்ப உருகி. உருகி ஏற்கனவே நிலைபெற்ற சொல். ஈருலோகத் தகடு வைத்து, சூடானால் திறந்து ஆறினால் தானே மூடிக்கொள்வதற்கு மீள்துண்டிப்பி. இந்த வேறுபாடு பழுது பார்ப்பவருக்கு உயிர்நாடி: முதல் வகை என்றால் கருவி ஆறினாலும் எழாது, இரண்டாவது என்றால் அரை மணியில் எழுந்து, மூல காரணம் தெரியாமலே மறுபடி நிற்கும். சுருணைக்குள் புதைக்கும், சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டருக்கு வெப்பத்தடையம் என்று முன்பு பேசியதை ஏற்கிறேன். குறிப்பிட்ட சூட்டில் மின்தடை சட்டென்று எகிறும் வகை துண்டிப்பதற்கு, சீராக மாறும் வகை கண்காணிப்பதற்கு. இரண்டுக்கும் தனித்தனி அடைமொழி வேண்டும், என்னிடம் இன்னும் நல்லதாக ஒன்று சிக்கவில்லை.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பாடநூல் வழக்கில் மின்மாற்றியை நிலைமாற்றி என்றும், இரு உலோகக் கம்பிகளை இணைத்துச் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளை வெப்பவிணை என்றும் எழுதுகிறீர்கள். தெர்மோகப்பிளுக்கு வெப்பவிணைதான் சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கிறது, பட்டியலில் அதையே முதற்சொல்லாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் விருப்பம். வைண்டிங்குக்குச் சுருணையா, சுற்றா? சுற்று என்றால் மின்சுற்றும் நினைவுக்கு வருவதால் நான் சுருணை பக்கம் சாய்கிறேன். அங்கே பட்டறைகளில் எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு இந்தப் பகுதியைத் திருத்தி அனுப்புகிறேன்.