மணக்குடி விரால் அடிப்பான் படத்தில் இருந்த கரண்டு கம்பி எங்கே?

தேரூர்க்காரன்: குளச்சல் லென்ஸ் நேற்று நம் குழுவில் போட்ட விரால் அடிப்பான் (மீன் பிடித்துத் தின்னும் கழுகு மாதிரிப் பறவை) படத்துக்குக் கீழே "எடிட்டிங் கிடையாது, கேமராவில் வந்தபடியே" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. மணக்குடி காயலில் அதே இடத்தில் பத்து வருஷமாக நிற்கிறேன், கேமராவை எப்படித் திருப்பினாலும் படத்துக்குள் கரண்டு கம்பி வந்துவிடும். இந்தப் படத்தில் கம்பியே இல்லை, வலது சிறகின் நுனி மட்டும் எதையோ அழித்த தடம் போல, எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கிக் கிடக்கிறது. கம்பி எங்கே?

குளச்சல் லென்ஸ்: அண்ணாச்சி, வெளிச்சம் கொஞ்சம் கூட்டினேன், ஓரத்தை வெட்டி கிராப் பண்ணினேன், புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸைக் குறைத்தேன். இதையெல்லாம் எடிட்டிங் என்று யார் சொல்வார்? மீனின் தலை முன்னால் வரும்படி காலில் திருப்பிப் பிடித்துப் பறக்கிறதே, அந்த நொடிக்காக 3 மணி நேரம் வெயிலில் நின்றேன்.

தேரூர்க்காரன்: காற்றுத் தடை குறைய மீனை அப்படித் திருப்பியது பறவை, நீங்கள் அல்ல. கம்பி எங்கே?

பழையாறு: கம்பியை எடுத்தால் என்ன குடி முழுகிப் போயிற்று? கல்யாண ஆல்பத்தில் முகப்பருவை எடுப்பதில்லையா?

தேரூர்க்காரன்: கல்யாண ஆல்பத்தோடு இதைச் சேர்க்காதீர்கள். பருந்தும் கழுகும் கம்பியில் மோதியும் ஷாக் அடித்தும் சாகின்றன, அந்தக் கம்பியை அழித்துவிட்டு இயற்கை என்று காட்டுவது பொய். கேமரா சென்சாரில் இருந்த தூசியால் படத்தில் விழுந்த புள்ளியை எடுத்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகையின் அட்டைக்காகப் படத்தில் பிரமிடை நகர்த்தி வைத்தார்கள், அந்தக் கெட்ட பெயர் இன்னும் போகவில்லை. கேமரா பதிந்த, கை வைக்காத ரா ஃபைலைப் போடுங்கள்.

மணக்குடி அலை: நியாயம் பேசுகிறவர், போன வருஷம் கோழிக்குடல் வீசிச் செம்பருந்தை இறக்கினீர்களே, அது இயற்கையா?

தேரூர்க்காரன்: நான் வீசவில்லை. மீன்காரர்கள் கொட்டிய கழிவுக்கு அது தானாக வந்தது. அன்றைக்கு நீங்களும் பக்கத்தில் நின்று எடுத்தீர்கள் மக்கா, மறந்துவிட்டதா?

மணக்குடி அலை: நான் எடுத்தது கரும்பருந்து.

குளச்சல் லென்ஸ்: தூரத்தைக் கிட்டே காட்ட லென்ஸோடு மாட்டும் என் டெலிகன்வெர்ட்டரை வாங்கிக்கொண்டு போய் பூஞ்சையோடு திருப்பித் தந்தவர் என்னிடம் நேர்மை பேசுகிறார்.

தேரூர்க்காரன்: பூஞ்சை முன்பே இருந்தது, வாங்கும்போதே சொன்னேன். பேச்சை மாற்றாதீர்கள். கம்பி எங்கே?

குளச்சல் லென்ஸ்: யாருக்கும் ரா ஃபைல் காட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நாளைக் காலை 6 மணிக்கு அங்கேதான் நிற்பேன், வேண்டுமென்றால் வந்து பாருங்கள்.

தேரூர்க்காரன்: வருகிறேன். அந்த மெமரி கார்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.